பாட்டில் கழுத்தில் கட்டிய ஆணி

இது நடந்தது. யாரும் கட்டிவிட்ட கதை இல்லை. மேலகரத்து நல்லதம்பி தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்து சொன்னது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு "பேயாவது, பிசாசாவது" என்று இளிக்க வேண்டாம். ஆடிச் சாரலில், பொழுது மங்குகிற நேரம், கோட்டைவாசல் இறக்கத்தில் ஒரே ஒரு தடவை தனியாகச் சைக்கிளில் வந்துவிட்டு இளிக்கட்டும். அப்புறம் பேசிக்கொள்வோம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். நல்லதம்பியின் அப்பா சுடலைமாடன் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சுப் போய், கட்டிலில் இழுத்துக்கொண்டு கிடந்தார். வைத்தியர் கையை விரித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் மூச்சு மட்டும் போகவில்லை. என்ன ஆசை மிச்சமிருக்கிறதோ என்று பால் ஊற்றிப் பார்த்தார்கள். வயல் மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். வெள்ளிக்காசை உரசி ஊற்றினார்கள். எல்லாம் கடைவாய் வழியே வெளியே வந்தது. கண் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. 

பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள்தான் கண்டுபிடித்தாள்.

"ஏலே நல்லதம்பி, உங்கய்யாவுக்கு வேற என்ன ஆசைலே இருக்கப்போவுது? கள்ளுதான். ஒரு மடக்கு எறங்கட்டும். நிம்மதியாப் போயிருவாரு."

அட, இது யாருக்கும் தோன்றவில்லையே! மனுஷன் வாழ்நாளெல்லாம் சாயங்காலமானால் செங்கோட்டைக்குப் போய் ஒரு கலயம் குடித்துவிட்டு வருவார். நல்லதம்பி சைக்கிள் மிதிக்க, பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டு போவார். நிறுத்தச் சொல்ல வாய் திறக்கமாட்டார். மகன் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். ரெண்டு வருஷத்துக்கு முந்தி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அங்கேயும் மதுவிலக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு சொட்டுக்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இனி வேண்டுமென்றால் மலையேறி, எல்லை தாண்டி ஆரியங்காவுக்குத்தான் போக வேண்டும்.

"போயிட்டு வா தம்பி. ஒம் பங்குக்கு அதாவது செய்யி," என்றாள் அம்மா பேராச்சி.

"நான் வாங்கிட்டு வந்து எங் கையாலயே ஊத்துதேன். அது வரைக்கும் உயிரப் பிடிச்சு வச்சிருங்கய்யா," என்று நல்லதம்பி அப்பாவின் காதில் சொன்னான். அவர் கண் அசைந்த மாதிரி இருந்தது. மைதீன் கடையில் வாடகைச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிட்டான்.

செங்கோட்டை தாண்டினால் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். புளியரை வயல்கள், அதற்கப்புறம் மலை. ஏற்றத்தில் இறங்கித் தள்ளினான். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. ஆரியங்காவுக் கள்ளுக்கடைக்கு நனைந்த கோழியாகப் போய்ச் சேர்ந்தான். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் குட்டன் தென்னங்கள்ளைப் பாட்டிலில் நிரப்பி, வாயில் தென்னை நாரைத் திணித்தார். பிறகு ஒரு துருப்பிடித்த ஆணியை எடுத்து, பாட்டில் கழுத்தில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். பொழுது சாயும் நேரம் கள்ளோ கறியோ கொண்டுபோனால் இரும்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்டது கழியது எல்லாம் வாடைக்குப் பின்னால் வரும்.

"மோனே, வழியில் ஆரு கேட்டாலும் இந்தக் கயிறு அவிழ்க்கண்டா. திரும்பி நோக்கவும் வேண்டா. வீட்டில் போய் ஆணியை எடுத்தால் மதி, அது போதும்," என்றார்.

நல்லதம்பி தலையாட்டினான். பாட்டிலைத் துணிப்பைக்குள் வைத்து, போலீஸ் கண்ணுக்குத் தப்ப மேலே நாலு நேந்திரம்பழத்தைப் போட்டு, ஹேண்டில்பாரில் மாட்டினான்.

கோட்டைவாசல் இறக்கம். மிதிக்கவே வேண்டாம். சைக்கிள் தானாக ஓடியது. சக்கரம் 'டிக் டிக் டிக்' என்று சுற்றியது. பைக்குள் கள் நுரைத்து 'உஸ்... உஸ்...' என்றது. கீழே மலையைக் குடைந்த குகைக்குள் நுழையப்போகிற ரயில் நீளமாகக் கூவிவிட்டு அடங்கியது. மரங்களுக்கு அடியில் அதற்குள் இருட்டிவிட்டது. ஐயா, தாக்குப்பிடிங்க, இந்தா வந்துட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.

இரண்டாவது வளைவில் சைக்கிள் நின்றுவிடப் பார்த்தது.

இறக்கத்தில்! நல்ல செங்குத்தான இறக்கத்தில்! நல்லதம்பி மிதித்தான். ஏற்றத்தில் மிதிப்பதுபோல் முழங்கால் வலித்தது. காற்று இறங்கிவிட்டதோ என்று ஒரு காலை ஊன்றி, பின்னால் கையை விட்டு டயரை அழுத்திப் பார்த்தான். கல்லுப்போல இருந்தது.

கிரீச்...

கேரியர் முனகியது. யாரோ ஏறி, நகர்ந்து, சரியாக உட்கார்ந்த மாதிரி.

நல்லதம்பி திரும்பவில்லை. அந்தப் பக்கத்தில் பிறந்தவன் எவனும் திரும்பமாட்டான்.

ஒரு வாடை வந்தது. ஏதோ எண்ணெய் வாடை. எங்கேயோ முகர்ந்த வாடைதான். அதை யோசிக்கிற நிலைமையிலா இருந்தான்?

"ஒரு மடக்கு..."

குரல் இல்லை அது. வெறும் காற்று. பிடரியில் ஈரமாகப் பட்டது.

"ஒரு மடக்கு குடுலே..."

"தரமாட்டேன்!" நல்லதம்பி கத்தினான். "இது எங்கய்யாவுக்கு!"

மிதித்தான். நெஞ்சு வெடிக்கிற மாதிரி மிதித்தான்.

"ஆணிய எடுலே..."

இடது கை தானாகப் பைக்குள் போயிற்று. ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கையில் குத்தியது. விடவில்லை.

"தொண்ட காயுதுலே... ஆணிய எடு..."

முதுகில் ஏதோ பட்டது.

தட்... தட்...

"போ! சொடலைச் சாமி மேல ஆணை, ஒரு சொட்டு தரமாட்டேன்! எங்கய்யா அங்கன உயிரக் கையில புடிச்சிக்கிட்டுக் கெடக்காரு! போ!"

சத்தம் நின்றது.

பின்னால் ஒரு விம்மல்.

கேரியர் மறுபடியும் முனகியது. அவ்வளவுதான், பாரம் போய்விட்டது. சைக்கிள் பாய்ந்தது. புளியரை விளக்குகள் தெரிந்தபோதுதான் நல்லதம்பி மூச்சு விட்டான். ஆணியை விட்டபோது உள்ளங்கையில் ரத்தம். ஆனால் பாட்டிலில் ஒரு சொட்டுக் குறையவில்லை. பேயையே விரட்டிவிட்டோம் என்று அவனுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. பாவம்.

மேலகரத்துத் தெருமுனையிலேயே அழுகை கேட்டது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். பையை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"கொஞ்சம் முந்தி வரப்படாதாலே..." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பேசுனாகலே! வெளக்கு வைக்கிற நேரத்துல வாயத் தொறந்து பேசுனாக!"

"என்ன சொன்னாக?"

"ஒரு மடக்கு குடுலேன்னு கெஞ்சுனாக. யாருகிட்டன்னே தெரியல. பெறவு ஆணிய எடு, ஆணிய எடுன்னு... தொண்ட காயுதுன்னு... கைய இப்படி நீட்டி, காத்துல ரெண்டு தட்டுத் தட்டுனாக. பெறவு தேம்பித் தேம்பி ஒரு அழுக. அதோட போயிட்டாக."

பிச்சம்மாள் மூக்கைச் சிந்தினாள். "கட்டில்ல ஏதும் ஆணி குத்துதோன்னு தடவித் தடவிப் பாத்தோம். ஒண்ணுமில்ல. இங்கன ஏதுலே ஆணி?"

நல்லதம்பி பைக்குள் கையை விட்டான். கட்டிலிலிருந்து வாத எண்ணெய் வாடை வந்தது. பாட்டில் 'உஸ்' என்றது.

கட்டிலோரம் உட்கார்ந்து, ரத்தக் கையால் அந்தக் கயிற்றை அவிழ்த்து ஆணியை எடுத்தான். அப்பாவின் வாயில் கள்ளை ஊற்றினான். அது கடைவாய் வழியே வழிந்து தலையணையை நனைத்தது. வாசலைப் பார்த்தபடி நிலைத்துவிட்ட கண்ணை மூடிவிட இரண்டு பேர் முயன்றும் முடியவில்லை.

அதன் பிறகு எத்தனையோ வருஷம், ஆடி மாதம் நல்லதம்பி ஆரியங்காவுக்குச் சைக்கிளில் போனான். கள் வாங்கினான். குட்டன் ஆணியை நீட்டினால் வேண்டாம் என்பான். பொழுது மங்கும்போது இறங்குவான். இரண்டாவது வளைவில் நிறுத்தி, பாட்டிலைத் திறந்து கேரியருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "ஆணி இல்லய்யா. குடிங்க," என்பான்.

நன்றாக இருட்டுகிற வரை நிற்பான். பிறகு ஏறி உட்கார்ந்து, மிதிக்காமல் காத்திருப்பான். ஒவ்வொரு வருஷமும் சைக்கிள் லேசாகவே இறங்கியது.