நாய்க்கும் அனுமதி இலவசம்

மலையாளம் தனக்குத் தலைகீழாகத் தெரியும் என்று எங்கள் சித்தப்பா சொல்லிக்கொள்வார். எழுதும்போது அது உண்மையிலேயே தலைகீழாகத்தான் வரும். அவரை நம்பித்தான் கேரளத்து மலையில், ஆனைக்கரையில் எங்கள் அத்தை விழா எடுத்தாள். ஏலக்காய் பறிக்கும்போது பாடிய பாட்டு, தாலாட்டு, கங்காணியைக் கேலி செய்த பாட்டு என்று தோட்டத்துப் பாட்டுகளுக்கான விழா. அத்தையோடு வேலை பார்த்தவர்களே பந்தல் போட்டார்கள், பாடினார்கள். தொடக்கத்தில் ஒரு பட்டிமன்றமும் உண்டு. டிக்கெட் கிடையாது, கட்டன் சாயாவும் சும்மா.

அது இரண்டு மாநிலத்துக்கும் அணைத் தகராறு முற்றியிருந்த வருஷம். எல்லையில், குமுளியில் பஸ் நின்றுபோயிருந்தது. அடுத்த வீட்டு மலையாளிகளும் நாங்களும் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டிருந்தோம். சேர்ந்து பறித்தவர்களுக்குப் பாட்டும் பொதுதான், அவர்கள் வராவிட்டால் அது விழாவே இல்லை என்பது அத்தையின் பிடிவாதம். "வருவாங்க. வராம எங்க போவாங்க?" என்பாள். அதற்காகவே மலையாளத்திலும் ஒரு தட்டி வைக்கச் சொன்னாள். சித்தப்பா 'பட்டிமன்றம், எல்லாரும் வரணும்' என்று மலையாளத்தில் கொட்டை எழுத்தில் எழுதி முக்கில் கட்டினார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பது அவருக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

விழாவன்று பந்தலில் பாதி நாற்காலி காலி. மலையாளிகள் ஒருத்தர்கூட இல்லை. அத்தையின் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. நடுவர் பேச எழுந்தபோது அடுத்த வீட்டுச் சேட்டன் மனைவியோடு உள்ளே வந்தார். கையில் ஒரு சங்கிலி, அதன் முனையில் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட அவர்கள் வீட்டு நாய்.

"பட்டிமன்றம்னு எழுதிக் கண்டு. அதான் இவனையும் கூட்டிட்டு வந்தேன்," என்றார் சிரிக்காமல்.

பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது. சித்தப்பா மேடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அத்தை மட்டும், "வாங்க சேட்டா, முன்னால வந்து உக்காருங்க," என்று நாய்க்கும் சேர்த்து இடம் ஒதுக்கினாள். சிரிப்புச் சத்தம் கேட்டு, ரோட்டில் தயங்கி நின்ற மற்ற மலையாளிகளும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பறிப்புப் பாட்டு தொடங்கியதும் சேட்டனின் மனைவி அடுத்த அடியைத் தமிழிலேயே எடுத்துக் கொடுத்தாள். நாய் தூங்கிவிட்டது.

சேட்டன் பட்டிமன்றம் தெரியாத மனுஷன் என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டு டிவியில் பட்டிமன்றத்தைக் கடைசிவரை பார்த்து, தீர்ப்பு சரியில்லை என்று எங்கள் அப்பாவோடு மல்லுக்கட்டிவிட்டுப் போகிறவர் அவர். பேச்சு முறிந்த ஊரில் எங்களிடம் வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்பதும், அந்தச் சாக்கைத்தான் அவர் சங்கிலி போட்டுக் கூட்டிவந்தார் என்பதும் எனக்கு அன்று புரியவில்லை.