நாடாவின் மறுமுனை

சித்தப்பா மகள் ஆற்றுக்கு அப்பாலுள்ள லைங் தாயாவிலிருந்து போன வாரம் போன் செய்தாள். தையல் ஃபாக்டரி, மழை, எண்ணெய் விலை என்று சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கடைசியில் கேட்க நினைத்ததைக் கேட்டாள். அவள் மகன் எல்லைப் பக்கம் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. பர்மா பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பதற்குப் பயந்து போனானா, பட்டாளத்தை எதிர்த்துச் சண்டை போடவே போனானா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

"அக்கா, பெரிய நாட்டுக்காரங்க எல்லாம் உக்காந்து பேசப் போறாங்களாம். ஃபாக்டரியில சொல்லிக்கிறாங்க. அவங்க பேசி முடிச்சிட்டா இங்க சண்டை நின்னுரும்தானே? பையன் வந்துருவான்தானே?"

பார்ப்போம் என்றேன். ஒரு பெரிய நாடு ஒரு பக்கத்துக்கு விமானம் கொடுக்கிறது, இன்னொன்று இரண்டு பக்கமும் கை வைத்திருக்கிறது, மற்றொன்று தூரத்தில் நின்று கண்டிக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அதில் எது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். அது தாமுவே பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அது முடிந்த நாளில் அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். மறுமுனையைப் பிடித்திருந்தவள் இவள்தான். அவளுக்கு அது மறந்துவிட்டது போலிருக்கிறது.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்வாசல் தெருவில், பின்வாசல் சாக்கடைச் சந்தில். அப்பாவும் சித்தப்பாவும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். சித்தப்பா முன்பக்கம் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையாக உடுத்தும் பச்சை லுங்கிகள் தைப்பார். அப்பா பின்பக்கம் தோசைமாவு அரைத்து டீக்கடைகளுக்குப் போடுவார். சித்தி பர்மாக்காரி. நாம் தமிழில் பேசினால் புரிந்துகொள்வார், பதில் மட்டும் பர்மியில் வரும். அம்மாவுக்கும் அவருக்கும் அதனாலேயே நன்றாக ஒத்துப்போனது என்று அப்பா கேலி செய்வார்.

பகலில் வந்தாலும் வரும் என்றிருந்த கரண்ட், பொழுது சாய்ந்தால் நிச்சயமாக வராது. அதனால் தெருவில் இரண்டு பேர் பெரிய ஜெனரேட்டர் வைத்து வீடு வீடாக லைன் விட்டிருந்தார்கள். ஊலே என்றால் பர்மியில் மாமா. மெயின் ரோட்டுப் பக்கம் இருந்தவர் எங்களுக்கு மேல்முனை ஊலே, மார்க்கெட் பக்கம் இருந்தவர் கீழ்முனை ஊலே. எதிரெதிரே வந்தால் இருவரும் சிரித்து வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். கொஞ்சம் தள்ளிப் போனதும் மற்றவருடைய மெஷின் எந்த நேரமும் வெடிக்கும் என்று சொல்வார்கள்.

எங்களுக்கு மேல்முனை ஊலேயின் லைன். அது முன்வாசல் வழியாக உள்ளே வந்து, சித்தப்பா பக்கத்தைத் தாண்டித்தான் அப்பாவின் கிரைண்டருக்குப் போகும். கிரைண்டரும் தையல் மெஷினும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். முதலில் சித்தப்பா தைப்பார், அவர் எழுந்ததும் அப்பா அரைப்பார். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வந்தது. சித்தப்பா எழுந்திருக்கவேயில்லை. அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கிரைண்டரைப் போட்டார், சித்தப்பா ஒயரைப் பிடுங்கினார். பாதி அரைபட்ட உளுந்து அப்படியே கிடந்து புளித்தது. அண்ணனும் தம்பியும் அன்று பேசிக்கொண்ட வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை. அவ்வளவுதான் சண்டை. அந்த வருஷத்துத் தையல் முடிந்திருந்தால் அதுவும் முடிந்திருக்கும்.

மறுநாளே சாக்கடைச் சந்து வழியாகக் கீழ்முனை ஊலே வந்தார், தோளில் ஒரு சுருள் ஒயரோடு. அப்பா அவரைக் கூப்பிடவில்லை. கஷ்டம் என்று காதில் விழுந்தது, அதனால் வந்தேன் என்றார். பின்வாசல் வழியாக அப்பாவுக்குத் தனி லைன் கொடுத்தார். காசு எவ்வளவு என்று அப்பா கேட்டதற்கு, "யாபாதே" என்றார். பர்மியில் இதைவிட இனிமையான சொல் கிடையாது. பரவாயில்லை, ஆகட்டும், இதெல்லாம் ஒரு விஷயமா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். அப்பா நெகிழ்ந்துபோய்விட்டார்.

விஷயம் மேல்முனைக்கு எட்ட நேரமாகவில்லை. மேல்முனை ஊலே முன்வாசல் வழியாக வந்து சித்தப்பாவுக்குத் தடித்த ஒயர் போட்டு, தெருவே பார்க்கும்படி இரண்டு ட்யூப்லைட்டும் மாட்டிவிட்டார். யாபாதே. கீழ்முனை ஊலே அப்பாவுக்குப் பெரிய கிரைண்டர் இறக்கினார். யாபாதே. மேல்முனை ஊலே சித்தப்பாவுக்கு இரண்டாவது தையல் மெஷின் கொண்டுவந்து வைத்தார். ஒரே ஆள் இரண்டு மெஷினில் எப்படித் தைப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் இருவரையும் தொந்தரவில்லாமல் வேலை செய்யவைக்க வீட்டுக்குக் குறுக்கே ஒரு ப்ளைவுட் சுவர் எழுந்தது. பலகை கீழ்முனையிலிருந்து வந்தது, ஆணி மேல்முனையிலிருந்து வந்தது.

குளியலறை எங்கள் பக்கம் மாட்டிக்கொண்டது. சித்தி குடை பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றிச் சந்து வழியாக வருவார். அம்மா வேண்டுமென்றே அந்த நேரத்தில் பாத்திரம் கழுவுவார். இரண்டு பேரும் அங்கே பேசிச் சிரிப்பது எங்களுக்குக் கேட்கும். நானும் சித்தப்பா மகள் தங்கச்சியும் பலகையில் ஒரு முடிச்சைக் குடைந்து ஓட்டை போட்டுக்கொண்டோம். அவள் அந்தப் பக்கமிருந்து சூரியகாந்தி விதைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவாள், நான் இந்தப் பக்கம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன்.

வெளிச்சத்துக்குக் குறைவில்லை. வியாபாரம்தான் குறைந்தது. கீழ்முனை ஆள் என்று பெயர் வந்துவிட்டதால் மேல்முனை டீக்கடைகள் அப்பாவிடம் மாவு வாங்குவதை நிறுத்தின. கீழ்முனைத் தாய்மார்கள் சித்தப்பாவிடம் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். முன்பு பாதி லைனில் முழுத் தெருவுக்கு வேலை செய்தவர்கள், இப்போது முழு லைனில் பாதித் தெருவுக்கு வேலை செய்தார்கள்.

அப்பாவுக்கு இது புரியாமலில்லை. ஒரு சாயங்காலம் அம்மா சொல்லிச் சொல்லி, தம்பியோடு பேசிவிட்டு வருகிறேன் என்று சட்டையைப் போட்டார். யார் போய்ச் சொன்னார்களோ, கீழ்முனை ஊலே வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். பர்மியில் அவர் சொன்னது இதுதான்:

"போய்ப் பேசு தம்பி, வேணாங்கல. ஆனா இப்ப நீ இறங்கிப்போனா இந்தத் தெருவுல எனக்கு என்ன மரியாதை?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்தப் பக்கம் சித்தப்பாவும் ஒருநாள் இப்படிப் புறப்பட்டு, மேல்முனை ஊலே வந்து உட்கார்ந்ததால் நின்றுபோனார் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த இரண்டு நாளில் ஒருநாளாவது யாராவது ஒருவர் சட்டையைக் கழற்றாமல் போயிருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மழை அடித்து ஊற்றிய ஒரு சாயங்காலம், கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் பலகைக்குள் இறங்கியது. அந்தப் பக்கம் ஒரு லைன், இந்தப் பக்கம் ஒரு லைன், இரண்டும் ஒரே பலகையில் ஆணி அடித்து ஓடின. எங்கே தொட்டுக்கொண்டன என்று தெரியவில்லை. படபடவென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு வெளிச்சம், பலகையில் தீப் பிடித்துக்கொண்டது. தைத்து அடுக்கிய பச்சை லுங்கிகளை அள்ளப் போன தங்கச்சியின் கை வெந்துவிட்டது. அப்பா எரிகிற பலகையை உதைத்து உடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக ஓடினார். அந்த வாசலை அவர் மிதித்துப் பல மாதமாகியிருந்தது. சித்தப்பா பின்னாலேயே ஓடினார்.

எங்கள் வீட்டில் சுவர், அரிசி மூட்டை, லுங்கிகள், ஒரு குழந்தையின் கை எல்லாம் போயின. இரண்டு ஊலேக்களுக்கும் ஆளுக்கொரு ஃபியூஸ் போனது. அதை மாற்றியதும் தெரு முழுவதும் பளிச்சென்றானது. லைட் வந்தால் வழக்கமாகக் கத்துவதுபோல் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் "மீ லா பீ" என்று கத்தினார்கள். நாங்கள் இருட்டில் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

டாக்டர் வீட்டு பெஞ்சில் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அம்மா பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்திருக்கிறார்.

"அண்ணே, பழையபடி ஒரே லைன் போதும். நீ முதல்ல அரைச்சுக்க. நான் பொறவு தைக்கிறேன்."

"வேணாம், நீ முதல்ல தை."

யார் பின்னால் நிற்பது என்று அங்கேயே கொஞ்சம் குரல் உயர்ந்ததாம். அந்தச் சண்டையை முதலிலேயே போட்டிருக்கக் கூடாதா என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் எங்களிடம், சுவரை எடுத்துவிடப் போகிறோம், இனி ஒரே வீடுதான் என்றார்கள். நானும் தங்கச்சியும் எரிந்த ஓட்டை வழியாக அங்குமிங்கும் ஓடி அதைக் கொண்டாடினோம்.

மறுநாள் இருவரும் சேர்ந்து போய் ஊலேக்களிடம் சொன்னார்கள். அங்கே நடந்தது நான் பெரியவளான பிறகே எனக்குத் தெரியவந்தது. தீப்பிடித்ததில் இரண்டு ஊலேக்களும் பயந்துபோயிருந்தார்கள். தெருவில் முணுமுணுப்பு வந்தால் இருவர் பிழைப்பும் கெடும் என்று, அப்பாவும் சித்தப்பாவும் போவதற்கு முன்பே டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். இந்தப் பாதித் தெரு உனக்கு, அந்தப் பாதித் தெரு எனக்கு. கோடு போட அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. தெருவின் நடுவில் இருந்தது எங்கள் வீடு, அதன் நடுவில் சுவர் ஏற்கெனவே இருந்தது. முன்பாதி மேல்முனைக்கு, பின்பாதி கீழ்முனைக்கு. சுவரை எடுத்தால் ஒருவர் மற்றவர் எல்லைக்குள் போனதாகிவிடும், அதனால் இரண்டு பேருமே லைனை வெட்டிவிடுவார்களாம். அப்பா கைகூப்பிக் கேட்டாராம். இரண்டு ஊலேக்களும் ஒரே குரலில், அதே சிரிப்போடு, "மயாபூ" என்றார்களாம். அதுவும் அதே சொல்தான். முன்னால் ஒரு 'ம' வந்து உட்கார்ந்தால் முடியாது என்று ஆகிவிடும். கிரைண்டரும் தையல் மெஷினும் நின்றால் இரண்டு குடும்பமும் பட்டினி. அப்பாவும் சித்தப்பாவும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். பலகை என்றால் மறுபடி தீப்பிடிக்கும் என்று செங்கல் சுவரே கட்டித் தருவதாக ஊலேக்கள் பெரிய மனது பண்ணினார்கள்.

அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. ஊலேக்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய ஜெனரேட்டர்களும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. சித்தப்பா முன்பாதியை விற்றுவிட்டு ஆற்றைத் தாண்டி லைங் தாயாவுக்குக் குடிபோனார். அவர் இறந்த செய்தி எங்களுக்கு உடலை எடுத்துவிட்ட பிறகுதான் வந்தது. அப்பா அன்று முழுவதும் அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு முறை எழுந்து போய் அதன்மேல் கை வைத்துப் பார்த்தார்.

இதையெல்லாம் தங்கச்சியிடம் போனில் சொல்ல முடியுமா? மகன் வருவானா என்று கேட்கிறவளிடம், பெரியவர்கள் பேசி முடித்தால் என்ன ஆகும் என்பது உனக்கே தெரியும், உன் கையைப் பார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுவர் கட்ட அளந்த அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு ஊலேக்களும் முதல் முறையாகச் சேர்ந்து வந்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு. எங்களுக்கு ஆரஞ்சு கலர் பாட்டில் வாங்கி வந்திருந்தார்கள். கொத்தனாருக்கு நாடா பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஒரு முனையை என்னிடம் கொடுத்தார், மறுமுனையை எதிர்ச் சுவரோரம் நின்ற தங்கச்சியிடம் கொடுத்தார். ஒரு கையில் அவளுக்குக் கட்டு. மற்ற கையால் பிடித்துக்கொண்டாள்.

சுவரை எடுக்கும் தீர்மானம் மாறிவிட்டதை எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எடுக்கப்போகிற சுவரையும் அளந்துதானே எடுப்பார்கள் என்று நான் நினைத்தேன். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு மூலையில் தரையைப் பார்த்து நின்றார்கள். இவ்வளவு நல்ல நாளில் இவர்களுக்கு என்ன வந்தது என்று இருந்தது. தங்கச்சி சின்னவள், அவள் கை தாழ்ந்து தாழ்ந்து போனது.

"நல்லா இழுத்துப் பிடி தங்கச்சி. அப்பத்தான் சீக்கிரம் முடியும்" என்றேன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தாள். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று கொத்தனார் பாராட்டினார். நாடா தளர்ந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு கவலை இல்லை.