சுற்றாமல் விட்ட பீங்கான்

லூர்து அக்காவின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழும்பக்கூடாது. பயணம் போகிறவர் எழும்பித்தான் ஆகவேண்டுமென்றால், மேசையில் மிஞ்சியிருக்கிற எல்லோரும் தங்கள் சாப்பாட்டுப் பீங்கானை இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி வைக்கவேண்டும். அப்போதுதான் போகிறவர் சுகமாகப் போய்ச் சேருவாராம். அது பிலிப்பைன்சில் அவருடைய ஊர் வழக்கம். மயிலிட்டியில் நான் அவருக்கு அடுத்த வீட்டு வளவுக்காரி. வருசக்கணக்காக அந்த வழக்கத்தை நக்கலடித்தவள்.

"பூசை கண்டிட்டு வந்து இந்தப் பேய்க்கூத்தையும் ஆடுறியளே அக்கா?" என்பேன். அவர் சிரிப்பார். ஆனால் சுற்றாமல் விடமாட்டார்.

எங்கள் கரையில் கப்பலுக்குப் போகாத வீடு குறைவு. கிறகோரி அண்ணை மணிலாவில் கப்பல் நின்றபோது கண்டு, கலியாணம் கட்டிக் கூட்டிவந்தவர்தான் லூர்து அக்கா. அண்ணையைப் பார்த்து ஊரில் இன்னும் நாலு பேர் அப்படியே கட்டிவந்தார்கள். வந்த பெண்கள் கொராசோன், அண்ணன் தம்பியைக் கட்டிய அக்காள் தங்கை இருவர், கடைசியாக மிலா. ஞாயிறு பூசை முடிந்ததும் ஐந்து பேரும் லூர்து அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார்கள். புளிப்புக்கு வினாகிரி விட்டுக் கோழி அவிப்பார்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். கேட்பதற்கு ஆளே கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலில் அவர்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாட பாதர் விட்டிருந்தார். ஒரு சொல் விளங்காது. என்றாலும் எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கொராசோன்தான் முதலில் போனாள், கனடாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரம் பார்த்து வான் வந்து ஹோர்ன் அடித்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டு ஓட, நாலு பீங்கான் சுற்றியது. எண்பத்தேழில் அக்காளும் தங்கையும் ஒரே நாளில் வெளிக்கிட்டார்கள். அன்று சுற்ற இருந்தவை இரண்டே பீங்கான்; சுற்றாத என்னுடையது கணக்கில் இல்லை. லூர்து அக்கா அழவில்லை. "போற ஆக்கள் போகட்டும், கோழி மிச்சமாக் கிடக்கு, நீ தின்னு" என்று என் பீங்கானில் போட்டார்.

தொண்ணூறில் சண்டை தொடங்க மயிலிட்டியே எழும்பி ஓடியது. நாங்கள் மூன்று குடும்பமும் இணுவிலில் ஒரே வளவில் ஒதுங்கினோம். ஓடிவந்த ரோட்டிலேயே லூர்து அக்காவும் மிலாவும் ஆளுக்காள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினார்கள்: போனால் இரண்டு பேரும் ஒன்றாக, இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை. அடுத்த வருசம் ஷெல் துண்டு பட்டு கிறகோரி அண்ணையின் முதுகெலும்பு போய்விட்டது. அவர் படுக்கையை விட்டு எழும்பவேயில்லை. அதோடு லூர்து அக்காவின் பயணக் கதையும் முடிந்தது.

மிலாவின் கதை முடியவில்லை. அவளுடைய புருசன் கப்பலை விட்டு மணிலாவில் இறங்கி, இவர்களையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். மகளுக்குப் பதினைந்து நடந்தது. பிள்ளைகள் இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்த நாளில் பதினைந்து வயதுப் பிள்ளையை வைத்திருப்பது என்ன பாடு என்று பெற்ற எங்களுக்குத் தெரியும். தொண்ணூற்றுமூன்று ஆனி மாதம், வெளியேற இயக்கத்தின் பாஸ் கிடைத்தது. கிளாலிக்குப் போய், அங்கிருந்து வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடக்கவேண்டும்.

அன்று மத்தியானம் லூர்து அக்கா கடைசிச் சேவலை அடித்து வினாகிரிக் கோழி வைத்தார். மிலா இரண்டு வாய் சாப்பிடவில்லை, மினிபஸ் வந்துவிட்டது.

"அக்கா, என்ரை பிள்ளைக்காகத்தான்" என்றாள் மிலா.

லூர்து அக்கா நிமிரவில்லை. பீங்கானின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மிலா வாசல் படலையில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பஸ் போய்விட்டது. அந்தப் பீங்கான் அசையவில்லை. கோபம். அவ்வளவும் கோபம்.

லூர்து அக்கா கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து என் பீங்கானை மெல்லச் சுற்றி வைத்தேன். நக்கலடித்துத் திரிந்த நான்தான்.

மூன்றாம் நாள் கிளாலியில் வள்ளங்களை நேவி சுட்டதாகச் செய்தி வந்தது. ஆர் ஆர் செத்தது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. மிலாவிடமிருந்து கடிதமும் இல்லை.

"நான்தான் அவளைச் சாகடிச்சனான் ஸ்ரெல்லா" என்றார் லூர்து அக்கா. அந்த வருசம் சொன்னார், அடுத்த வருசமும் சொன்னார். வேளைக்கு வேளை சாப்பிட உட்கார்ந்ததும் பீங்கானைச் சுற்றுவார், பிறகு சாப்பிடாமல் எழும்புவார். கோயிலில் பாட்டை விட்டுவிட்டார்.

'நான் சுத்தினனான் அக்கா' என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். முதலில், இவ்வளவு காலம் சிரித்துவிட்டு எப்படிச் சொல்வது என்று வெட்கம். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம். இந்த இரண்டுக்குமாக ஒரு மனுசியை இரண்டு வருசம் வேகவிட்டேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இருட்டுகிற மைம்மல் நேரம், ஆமி வருகிறதென்று எல்லோரையும் உடனே வெளிக்கிடச் சொல்லி இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனது. மழை. ரோட்டில் சனம் அசைய இடமில்லை. நான் பையோடு ஓடிப்போய்ப் பார்த்தால், லூர்து அக்கா கிறகோரி அண்ணைக்குக் கஞ்சி பருக்கிவிட்டு, தன் பீங்கானோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ அக்கா, எழும்புங்கோ!"

"இவரை ஆர் தூக்கிறது?"

"நீ போ லூர்து" என்றார் கிறகோரி அண்ணை படுக்கையிலிருந்து.

"சும்மா படுங்கோ" என்றார் லூர்து அக்கா.

'நான் சுத்தினனான்' என்ற அந்த வசனத்தைச் சொல்ல வாயெடுத்தேன். வெளியே என் மனுசன் கத்திக்கூப்பிட்டார். "வண்டி பிடிச்சு அனுப்பிறன் அக்கா" என்று மட்டும் சொன்னேன். வண்டி கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பீங்கானை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் ஓடினேன்.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள், இணுவில் வளவில் ஷெல் விழுந்து லூர்து அக்கா இருந்த வீடு தரையோடு கிடக்கிறது என்றார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை மயிலிட்டிப் பாதர் தேடிவந்து ஒரு கடிதத்தை நீட்டினார். லூர்து அக்காவுக்கு வந்தது. ஒதுங்கியிருந்த வளவுக்கு விலாசம் கிடையாது; மிலாவுக்கு எழுதத் தெரிந்த விலாசம் மயிலிட்டிக் கோயில் ஒன்றுதான். ஆளில்லாத ஊருக்கு அனுப்பிய கடிதம் எங்கெங்கோ கிடந்து இரண்டரை வருசத்தில் வந்திருக்கிறது. பாதர்தான் இங்கிலீசை வாசித்துச் சொன்னார்.

'நானும் மகளும் சுகமாய் வந்து சேர்ந்தோம். படலையில் நின்று பார்த்தேன், உங்கள் இரண்டு கையும் பீங்கானில் இருந்தது. என்மேல் எவ்வளவு கோபமென்றாலும் எனக்காகச் சுற்றினீர்களே அக்கா. வள்ளத்தில் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்.'

பாதர் பதில் எழுதப் பேனையை எடுத்தார்.

"என்னெண்டு எழுதிறது ஸ்ரெல்லா?"

"ஓம் எண்டு எழுதுங்கோ பாதர். லூர்து அக்காதான் சுத்தினவ."