முதல் மாணவி நான் இல்லை

"தோட்டத்துலேந்து வந்து இங்க படிச்சவா வேற ஆரும் இருந்திருக்க மாட்டா, கேட்டேளா. வெறுதே தேடி சிரமப்படாதேங்கோ. நீங்கதான் முதல் ஆள் ஆக்கும்."

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கச் செயலாளர் இப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அவர் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் படித்துப் பெயரெடுத்தவர்களையும் மாணவர் சங்கத் தலைவர்களையும் பற்றி ஒரு மலர் கொண்டுவரும் பொறுப்பு அவரிடம் இருந்தது. நான் அதே கல்லூரியில் படித்து, அங்கேயே தமிழ்த்துறையில் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை நேர்காணல் வைத்துத்தான் மறுபடி எடுப்பார்கள். மலரின் தமிழ்ப் பகுதியை எழுதவும், யார் எந்த ஆண்டு சேர்ந்து எந்த ஆண்டு போனார் என்று பதிவேட்டில் சரிபார்க்கவும் என்னைக் கூப்பிட்டிருந்தார். கடைசிப் பக்கம் எனக்கு. என் படத்துக்குக் கீழே "ஏலமலையிலிருந்து வந்த முதல் மாணவி" என்று அவரே எழுதியிருந்தார்.

அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய் எடுக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது. கூட வேலை செய்யும் ஒருத்தி வாசித்துச் சொன்னாளாம்.

"மொதல்னா என்னாடி, கிளாசுல மொதலா?" என்று போனில் கேட்டாள்.

"இல்லம்மா. நம்ம ஆளுகள்ல மொதல்."

"அப்ப இதுக்கு முன்னாடி ஒருத்தரும் அங்கிட்டுப் போகலையாக்கும்? நல்ல கூத்துதான்" என்றாள். பெருமையா கேலியா என்று அன்று எனக்குப் புரியவில்லை.

கல்லூரியின் பெரிய கூடத்தில் படங்கள் இரண்டு வரிசையாகத் தொங்கும். மேல் வரிசையில் நீதிபதிகள், அணைக்கட்டுப் பொறியாளர்கள், சட்டசபைக்குப் போனவர்கள். கீழ் வரிசையில் ஆசிரியர்கள், மாணவர் சங்கத் தலைவர்களில் பின்னாளில் பெயரெடுத்த சிலர். வருடந்தோறும் கல்லூரி தொடங்கப்பட்ட நாளில் ஒவ்வொரு படத்தையும் அந்தந்தக் குடும்பத்தார் வந்து துடைத்து மாலை போடுவது வழக்கம். ஏணியில் பேரன் ஏறியிருப்பார். கீழே நிற்கும் மருமகள், இடது மூலையில் இன்னும் அழுக்கிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். மேல் வரிசைப் படம் பக்கத்துப் படத்தைவிட ஒரு விரல் கீழே இறங்கிவிட்டதென்று சண்டை போட்ட குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். குடும்பம் வராத படங்களை மாணவர்கள் துடைக்க வேண்டும். எனக்கு வருடாவருடம் ஒரே நீதிபதிதான் கிடைத்தார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, அவர் முகம் என் அப்பா முகத்தைவிட எனக்கு மனப்பாடம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சட்டம் போட்ட படமே கிடையாது. அந்தச் சுவரில் ஆணி நிற்காது.

பதிவேடுகள் இருந்த அறையில் கொல்லங்கோட்டுக்காரர் ஒருவர் ஊழியர். "ஏனுங்க டீச்சர், இந்தத் தூசியில எதுக்குங்க உக்கோந்துட்டு? எந்த வருசம்னு சொன்னா எடுத்தாந்து தர மாட்டனுங்களா?" என்பார். அப்படி அவர் எடுத்து வந்த ஒரு பதிவேட்டில், மலரில் வரவிருந்த யாரோ ஒரு ஆடிட்டர் சேர்ந்த தேதியைத் தேடும்போது அவரே விரல் வைத்துக் காட்டினார். "இதப் பாருங்க, உங்கூருப் பேராட்ட இருக்குதுங்க."

பெண். தகப்பனார் தொழில், தோட்டத் தொழிலாளி. ஊர், உடும்பஞ்சோலை. நான் சேர்ந்ததற்கு முப்பது வருடம் முந்தைய பதிவு.

முதலில் என்ன செய்தேன் தெரியுமா? தேதியைத் தவறாக வாசித்துவிட்டோமோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். தவறாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மாணவர் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பெயர் மறுபடி வந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பெண் சங்கத் தலைவி. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அப்போது நூலகத்தின் வாசிப்பறையிலிருந்து மாணவிகள் நான்கு மணிக்கு வெளியேறிவிட வேண்டும், மாணவர்கள் ஆறு வரை இருக்கலாம். அவர் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் ஆறு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். விதி மாறியது. ஐந்து வருடம் நானும் ஆறு மணி வரை அந்த அறையில் படித்தவள்தான். அது எப்போதும் அப்படித்தான் இருந்ததென்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் ஆண்டில் மழையில் மலைப்பாதை இடிந்து, அவரால் பல நாள் திரும்பி வர முடியவில்லை. வருகை நாட்கள் குறைந்தன. குறைவை மன்னிக்கக் கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பமும் கோப்பில் இருந்தது. அதில் முதல்வர் கையெழுத்துப் போடவில்லை. தேர்வு எழுத முடியாமல் போய்விட்டார். என் காலத்திலும் அதே பாதை இடிந்தது, எனக்கும் நாட்கள் குறைந்தன. எனக்குக் கையெழுத்துக் கிடைத்தது. நான் எதற்கும் எங்கேயும் உட்காராத நல்ல பெண்.

அம்மா மூலம் விசாரித்து, அவரைத் தேடிப் போனேன். எங்கள் லயத்திலிருந்து இரண்டு மலை தள்ளி, காய் உலர்த்தும் ஸ்டோரில் பெண்களோடு உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா, இப்ப வந்து அட்டெண்டன்ஸ் எடுக்கப் போறியாக்கும்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏய், கலெக்டரம்மாவத் தேடி ஆளு வந்திருக்குடி!" என்று ஒருத்தி கத்தினாள். தான் கல்லூரிக்குப் போனதாகச் சொல்வதால் அவருக்கு அங்கே அந்தப் பட்டப்பெயர்.

மலரைப் பற்றிச் சொன்னேன். கையிலிருந்த காயை முறத்தில் போட்டுவிட்டுக் கேட்டார். "படம் மாட்டுவாகளா?"

"மலர்ல வர்றவங்க படத்தைக் கூடத்துல மாட்டுவாங்க அக்கா."

"அப்பக் கீழ் வரிசையே போதும். ஏணி வேணாம்ல. எம் மக எட்டித் தொடச்சுருவா." மறுபடி ஒரு காயை எடுத்துக்கொண்டு, "பத்தாவதுக்கு மேல நான் சொல்றதெல்லாம் பொய்யின்னுதான் அவளும் நெனச்சிட்டிருக்கா. கேக்க மாட்டா. ஆனா சிரிப்பா" என்றார்.

சங்கத்தின் குழுப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கொடுத்தார். கண்டிப்பாக வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவரைப் பற்றிய குறிப்பை உண்மையாக எழுதினேன். நான் செய்த தவறு அதுதான். எங்களைப்போன்றவர்கள் ஒவ்வொரு அலுவலக ஜன்னலிலும் அசல் எங்கே, எழுத்து மாறியிருக்கிறதே, தேதி சரியில்லையே என்று கேட்கப்பட்டே வளர்ந்தவர்கள். காகிதத்தில் உள்ளதை ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டால்தான் நம்புவார்கள் என்று எங்களுக்கு ஒரு பழக்கம். அதனால், "வருகைக் குறைவால் மூன்றாம் ஆண்டுத் தேர்வு எழுத அனுமதிக்கப்படவில்லை" என்று எழுதினேன்.

செயலாளர் அந்த வரியில் பேனாவை வைத்தார். "டிகிரி முடிக்கல்லேன்னு நீங்களே எழுதியிருக்கேளே. அப்பறம் எப்படிப் போடறது?"

மேல் வரிசையில் சட்டசபைக்குப் போன ஒருவரின் படம் இருக்கிறது. அவரும் தேர்தல் வேலை என்று போய்த் தேர்வு எழுதவில்லை. பதிவேட்டில் அதையும் பார்த்திருந்தேன். சொன்னேன்.

"அது வேற ஆக்கும். அவர் இங்க படிச்சார்."

"இவங்களும் இங்கதான் சார் படிச்சாங்க."

"அவரப் பத்தி 'படிச்சவர்'னுதானே எழுதியிருக்கு? முடிக்கல்லேன்னு ஆரும் எழுதல்லியே." பிறகு குரலை இறக்கி, அன்பாகத்தான் சொன்னார். "இவாளப் போட்டா உங்க பக்கம் என்ன ஆறது, கொழந்தே? முதல்ங்கற வார்த்தை போயிடுமே."

அறைக்கு வந்து என் பக்கத்தை எடுத்து வாசித்தேன். நல்ல படம். நான்கு நாள் எதுவும் செய்யவில்லை. அந்த நான்கு நாளை அவர்மேல் போட முடியாது.

ஐந்தாம் நாள், அந்தப் பெண்மணியின் பக்கம் வராவிட்டால் என் பக்கமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் இல்லாமல் மலர் வெளிவந்தது. எங்கள் இடத்தில் காப்பித்தூள் விளம்பரம். விழாவில் மேல் வரிசைக் குடும்பங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தன. யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

குழுப்படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஸ்டோர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வரலையாக்கும்?"

"இல்லக்கா."

"உன் படம்?"

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கிறுக்கி! உன்னய யாரு வேண்டாம்னு சொல்லச் சொன்னா? இப்ப ரெண்டு பேரும் இல்ல. அவுகளுக்கு எம்புட்டு வசதியாப் போச்சு! நீ கோவிச்சுக்கிட்டா எனக்கு என்னா கெடச்சுச்சு, சொல்லு?"

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எம் பேரு எழுதின பக்கம் அங்கனதான இருக்கு? கிழிச்சிரலையே?"

"இருக்குக்கா."

"அதுக்கு நகலு கேட்டாத் தரணும்ல? சீலு வச்சு?"

பதிவேட்டோடு அத்தனை நாள் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்றேன். அங்கேயே, ஏலக்காய் மூட்டைமேல் தாளை வைத்து எழுதினோம். அவர் சேர்ந்த பதிவேட்டுப் பக்கம், தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டக் குறிப்பு, கையெழுத்தாகாத விண்ணப்பம். மூன்றுக்கும் முத்திரையிட்ட நகல். நான் எழுத எழுத அவர் இரண்டு இடத்தில் என் வாக்கியத்தைத் திருத்தினார். முதல்வர் கையெழுத்துப் போடாததற்கு எழுத்தில் காரணம் இருந்தால் அதுவும் வேண்டும் என்று நான்காவதாக ஒன்று சேர்க்கச் சொன்னார். கீழே ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை, வகுப்பு தொடங்கும் முன், ஆசிரியர்கள் அலுவலகத்துக்குள் போகும் கதவு வழியாகப் போகாமல் வெளி ஜன்னலில் வரிசையில் நின்று அதைக் கொடுத்தேன். யார் சார்பில் என்று எழுத்தர் கேட்டார். இந்தக் கல்லூரி மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவி என்றேன். அவர் அதைப் பதிவுப் புத்தகத்தில் அப்படியே எழுதி, வரிசை எண் போட்டு, முத்திரை குத்திய ரசீதைத் தந்தார்.