ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்தவர்

என் வாய்க்குள் நடந்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சிரிக்கும்போதுகூடக் கையால் வாயை மறைத்துக்கொள்கிறவள் நான். ஆனாலும் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதனால் எழுதுகிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வேருக்கு வைத்தியம் செய்தால் காப்பாற்றலாம் என்று அந்த டாக்டர் சொன்னார். நாற்காலியில் படுத்திருந்த என்னிடம் சொல்லாமல், பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "ஒரு பல்லுதானே சார், எடுத்துடுங்க. இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று இவர் பதில் சொன்னார். என் வாயில் இருந்த பல்லை இவர் எண்ணி வைத்திருந்த மாதிரி. நான் வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன்.

கீழே பல் இல்லாமல் போனதும், அதற்கு நேர் மேலே இருந்த பல் தாங்க ஆள் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. போன வருஷம் பார்த்தால் கீழ் ஈறில் வந்து இடிக்கிறது. சொத்தை இல்லை, கறை இல்லை, ஒரு குறையும் சொல்ல முடியாத பல். ஆனால் வாயை மூடினால் ஈறு வலிக்கும். கீழே செயற்கைப் பல் கட்டலாம் என்றால் அதற்கு இடம் இல்லை.

இவர் வேலைக்காக வந்து தங்கிவிட்ட இந்தத் தெலுங்கு ஊரில், ஏ.எஸ்.ராவ் நகரில் மருந்துக்கடை மாடியில் இருக்கிற பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் தெலுங்குப் பெண், என் மகள் வயசு இருக்கும். அவர் ஒரு வழி சொன்னார். இறங்கின பல்லுக்கு வெளிப்பக்கம் கன்னத்து ஓரமாக ஒன்று, உள்பக்கம் அண்ணத்தில் ஒன்று, இரண்டு சின்னத் திருகாணிகளை எலும்பில் முடுக்குவார்களாம். இரண்டுக்கும் நடுவில், பல்லின் மேலாக ஒரு ரப்பர் சங்கிலி மாட்டினால், அது இழுத்து இழுத்துப் பல்லைப் பழையபடி மேலே ஏற்றிவிடுமாம். ஐந்தாறு மாசத்தில் வேலை முடிந்ததும் திருகாணிகளைக் கழற்றிவிடலாம். கையில் எடுத்துக் காட்டினார். மூக்குத்தித் திருகாணியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

"ஸ்க்ரூவா!" என்று இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. இவர் இங்கே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் ரிட்டையர் ஆனவர். மற்றவர்கள் செய்து முடித்ததை எடுத்துப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, பாஸ் என்றோ ரிஜெக்ட் என்றோ சொல்வதுதான் வேலை. வீட்டிலும் அதே வேலைதான். நான் சுட்ட தோசையைக்கூடத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் தின்பார்.

டாக்டரிடம் இவர் இங்கிலீஷில் பேசுவார். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் இவருக்குத் தெலுங்கு அரைகுறை. காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் அக்கம்பக்கத்திலும் பேசிப் பேசி எனக்கு நன்றாக வரும். ஆனால் டாக்டர் முன்னால் வாய் எழாது. அதனால் என் வாயைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். நடுநடுவே டாக்டர் என் பக்கம் திரும்பி, "நொப்பி உந்தா ஆன்ட்டி?" என்று வலிக்கிறதா கேட்பார். நான் தலையை ஆட்டுவேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, கால் மணி நேரத்தில் இரண்டையும் முடுக்கிவிட்டார்கள். டாக்டர் இவரிடம் நிறையச் சொன்னார். மெதுவான பிரஷ்ஷால் சுற்றிலும் தேய்க்கணும், கையால் தொடக்கூடாது, நாக்கால் தள்ளக்கூடாது, ஆடுகிற மாதிரி தெரிந்தால் உடனே வரணும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். இவர் காதில் விழுந்தது கடைசி ஒன்றுதான்.

மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். டார்ச் லைட்டோடு வந்து நின்றார். இன்னொரு கையில் தொழிற்சாலைக் காலத்துச் சின்ன இடுக்கி.

"வாயத் தொற."

"எதுக்குங்க?"

"ஆடுதான்னு பாக்கணும். டாக்டர் சொல்லிருக்காங்க."

"ஆடுனா எனக்குத் தெரியாதா?"

"உனக்கு என்ன தெரியும்? அஞ்சாங்கிளாஸ். டைட்டு லூசு எல்லாம் கைப்பழக்கம். தொற."

திறந்தேன். இடுக்கியால் திருகாணியின் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு தள்ளு, அந்தப் பக்கம் ஒரு தள்ளு. "ம், பாஸ்" என்றார். சுவர் காலண்டரில் அன்றைய கட்டத்தில் பேனாவால் 'ஓ.கே.' என்று எழுதினார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தினம் காலையில், காபி முடிந்ததும். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கிறேன் என்று அதில் ஒரு பெருமை வேறு. கன்னம் புண்ணாக இருந்த நாளிலும் விடவில்லை. வலிக்கிறது என்றால், "ரெண்டே செகண்டு, பச்சப்புள்ள மாதிரி பண்ணாத" என்பார்.

இருபதாம் நாளோ என்னவோ, இடுக்கியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். "லூஸா இருக்கே!" என்றார். கன்னத்துப் பக்கத்துத் திருகாணி. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். "பாத்தியா? தினம் செக் பண்ணதுனாலதான் தெரிஞ்சுது!"

அன்றைக்கே ஆஸ்பத்திரி. டாக்டர் என் உதடுகளை இழுத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிவிட்டுப் பார்த்தார். ஈறு வீங்கியிருந்தது. "நாலுகதோ தோஸ்துன்னாரா ஆன்ட்டி?" என்றார். நாக்கால் தள்ளுகிறீர்களா என்று கேட்கிறார். வாயில் வளையத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பதில் சொல்வது? இவர் சொன்னார்.

"எஸ் டாக்டர். ஆல்வேஸ் டங். ஷீ ஈஸ் லைக் தட் ஒன்லி."

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவ்வளவு இங்கிலீஷ் தெரியும்.

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், பள்ளிக்கூடத்தில் பலப்பம் தின்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. ஆடின திருகாணியைக் கழற்றினார். ஈறு ஆறட்டும், மூன்று வாரம் கழித்துப் பக்கத்தில் வேறு ஒன்று போடலாம் என்றார். அதுவும் பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் போட வேறு இடம் கிடையாது, மேல் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான் என்றார். தெலுங்கில்தான் சொன்னார். எனக்கு அப்போதே புரிந்தது. இவருக்கு இங்கிலீஷில் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆட்டோவில் வரும்போது, "நல்லவேள, நான் சமாளிச்சேன்" என்றார். எதைச் சமாளித்தாராம்? வளையம் கழற்றியபிறகு என் வாய் சும்மாதான் இருந்தது. பத்து நிமிஷம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். "நான் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவர் மேல் பாதிக் கோபம் என்றால், மீதிப் பாதி என் மேல்தான். கீழ்ப் பல் போனபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மூன்று வாரமும் வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டேன். பேசவில்லை. இவருக்கு அது தெரியக்கூட இல்லை. வழக்கமாகவே நான் அதிகம் பேசுகிறவள் இல்லையே.

புதுத் திருகாணி போடுகிற நாள். நாற்காலியைச் சாய்த்துவிட்டு டாக்டர் ஊசியை எடுத்தார். இவர் என் கால்மாட்டில் நின்றார். டாக்டர் அவரிடம், "அங்கிள், இந்தத் தடவை அவங்க தொடாம நீங்கதான் பார்த்துக்கணும்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

"டோன்ட் வொர்ரி டாக்டர். ஐ வில் செக் டெய்லி" என்றார் இவர். "இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன் நான்."

டெய்லி. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்ன ஆனது என்று தெரியவில்லை. கையைத் தூக்கி ஊசியைத் தடுத்தேன்.

"நேனு காது, டாக்டரம்மா" என்றேன். நான் இல்லை. "ஆயன." இவர்தான். தெலுங்கில் இடுக்கிக்கு வேறு சொல் தெரியாமல், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற பட்டகாருவைச் சொன்னேன். தினம் பட்டகாருவால் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார், காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார் என்றேன். முகமூடிக்கு மேலே டாக்டரின் கண் இரண்டும் பெரிதாகின. சட்டுவமும் கிடுக்கியுமாக என் வாய்க்குள் சமையல் நடப்பதாக நினைத்திருப்பார்.

"ஏய், என்ன சொல்ற நீ? கையில அளவா பிடிச்சுத்தானே..." என்று இவர் ஆரம்பித்தார்.

"ரோஜூவா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். தினமுமா?

"ரோஜூ" என்றேன். "நான் நாக்கால தொடவே இல்ல. பிரஷ் பண்ணணும்னுகூட எனக்கு யாரும் சொல்லல." இதை எந்த பாஷையில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "அங்கிள், மீரு பயட கூர்ச்சோண்டி" என்றார். வெளியே உட்காரச் சொன்னார். இவர் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். நான் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டேன்.

புதுத் திருகாணியை முடுக்கி முடித்ததும் டாக்டர் ஒரு கண்ணாடியை என் கையில் கொடுத்து, எங்கே தேய்க்கணும், எப்படித் தேய்க்கணும் என்று என்னிடமே சொன்னார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. இதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? அந்தப் பெண் மேலும் எனக்குக் கோபம்தான். நல்ல டாக்டர். ஆனால் அன்றைக்கு வரைக்கும் அவருக்கும் நான் ஒரு வாய், அவ்வளவுதானே.

மறுநாள் காலையில் இவர் டார்ச்சோடு வந்து நின்றார். இடுக்கி இல்லை, அந்த அளவுக்கு முன்னேற்றம்.

"லைட் அடிச்சு மட்டும் பாக்குறேன். தொட மாட்டேன்."

"வேணாம்."

"வாயத் தொறடி."

உதட்டை இறுக மூடிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டேன். "நாளைக்கு லூஸாச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காத" என்றார். நான் ஏன் போய் நிற்கிறேன்? மாசம் ஒரு தரம் பஸ் ஏறி நானே போனேன், ரப்பர் சங்கிலி மாற்ற. முதல் மாசம் மட்டும் பயத்தில் தூக்கம் சரியாக இல்லை. திருகாணி ஆடவில்லை. காலண்டரில் கட்டங்கள் காலியாகவே கிடந்தன.

ஆறாம் மாசம் பல் மேலே ஏறிவிட்டது. டாக்டர் அளந்து பார்த்து, "பாகுந்தி ஆன்ட்டி" என்றார். நன்றாக இருக்கிறதாம். கீழே புதுப் பல் கட்டினார்கள். கழற்றின திருகாணிகளை ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கையை நீட்டினார். "குடு, த்ரெட் எப்படி இருக்குன்னு பாப்போம்."

கொடுக்கவில்லை. என் புடவை அலமாரியில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தரமாவது கேட்கிறார், ஒரே ஒரு தரம் காட்டேன், பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்று. கெஞ்சுகிற மாதிரிகூடக் கேட்டார். நான் நாக்கால் தள்ளினேன் என்று டாக்டரிடம் பொய் சொன்னதைப் பற்றி மட்டும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லட்டும், காட்டுகிறேன்.