கேள்வி கேட்ட கப்பல்காரர்

பத்தொன்பது வருடமாக இங்கிலீஷ் டீச்சர் ஒரே கட்டுரையைத்தான் திருத்திக்கொண்டிருந்தாள். தலைப்பு மாறும், பிள்ளைகள் மாறுவார்கள், கட்டுரை மட்டும் மாறாது. நோட்ஸ் புத்தகத்தில் இருக்கும் அதே பதினான்கு வரி, முப்பத்தெட்டுக் கையெழுத்தில் வந்து மேஜைமேல் குவியும். உனக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால், முப்பத்தெட்டுப் பேருக்கும் தோட்ட வேலை பிடித்திருந்தது. பாதிப் பேர் நாலாவது மாடியில் குடியிருப்பவர்கள். எந்தத் தோட்டம், யார் வீட்டுத் தோட்டம்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த எரிச்சலில்தான் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள்.

"நோட்டுல எழுதினா நான் ஒருத்திதான் படிப்பேன். இதுல எழுதினா உலகமே படிக்கும். உங்க வீடு, உங்க தெரு, என்ன தோணுதோ எழுதுங்க. தப்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

கம்ப்யூட்டர் அறையில் பன்னிரண்டு கணினி, உயிரோடு இருந்தவை ஏழு. வாரத்துக்கு ஒரு பீரியடை அடித்துப் பிடித்து வாங்கினாள். முதல் வாரமே தோட்ட வேலை நோட்டிலிருந்து வலைப்பூவுக்குக் குடிவந்துவிட்டது. பார்த்தவர்கள் எண்ணிக்கை நாற்பது என்று திரை காட்டியது. அதில் முப்பத்தொன்பது முறை டீச்சர். மிச்சம் ஒன்று அவள் கணவர். அவரும் தெரியாமல் அழுத்திவிட்டதாகச் சொன்னார்.

"யாருமே படிக்கல மிஸ். அப்புறம் எதுக்கு எழுதணும்?" என்று முன்பெஞ்சு கேட்டது.

நியாயமான கேள்விதானே? அதனால் டீச்சர் ஒரு திருட்டு வேலை செய்தாள். கப்பலில் இஞ்சின் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மனிதரைக் கற்பனையில் பிறப்பித்தாள். வலைப்பூவில் 'பழைய கப்பல்காரர்' என்பதுதான் அவர் பெயர். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் போன் என்று உட்கார்ந்து, கப்பல்காரராகி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்பாள்.

முப்பத்தெட்டுப் பேரில் பதில் எழுதியது ஒருத்திதான். கடைசி பெஞ்சு ம்ஹூம். எதைக் கேட்டாலும் "ம்ஹூம்" என்று தலையாட்டுவதால் வகுப்பு வைத்த பெயர் அது. 'அப்பா சாவிக்கடை வைத்திருக்கிறார். கடை சின்னது. வேறு ஒன்றும் இல்லை' என்று மூன்றே வரி எழுதியிருந்தாள். ஒரு சாவி வெட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கப்பல்காரர் கேட்டார். அடுத்த வாரம் பதினோரு வரி வந்தது. சாவி வெட்டும் சத்தத்தில் தனக்குப் பல் கூசும் என்று எழுதியிருந்தாள். வெட்டச் சொல்லிவிட்டு வாங்க வராமலே போனவர்களின் சாவிகள் என்ன ஆகும் என்று கேட்டார். ஒரு பக்கம் வந்தது. பதின்மூன்று சாவிகள் ஆணியில் தொங்குகின்றனவாம். அப்பா தூக்கிப் போட விடமாட்டாராம். ஒவ்வொரு சாவிக்கும் அவள் மனதுக்குள் ஒரு வீடு கட்டி, ஆட்களையும் குடிவைத்திருக்கிறாளாம்.

இங்கிலீஷ் நொண்டியது. நொண்டட்டுமே! டீச்சர் சாப்பாட்டை மறந்து இரண்டு தரம் படித்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் கைக்கு வந்த முதல் கட்டுரை இதுதான். இந்த ஒருத்தியாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், அது போதும் என்று நினைத்தாள்.

கை சும்மா இருந்ததா? ஆர்வக்கோளாறில் கப்பல்காரர் கேட்டுத் தொலைத்தார்: கடையை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்? பூட்டிய பிறகு அந்தச் சாவிகள் எங்கே இருக்கும்?

இரண்டாம் நாள் தலைமையாசிரியை அறையில் சாவிக்கடைக்காரர் நின்றார். கதவோரமாக மகள். டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"டீச்சரம்மா, பக்கத்துக் கடைக்காரர் படிச்சுச் சொன்னார், எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. நான் வச்சிருக்கிறது சாவிக்கடை. ஊர் பேர் தெரியாத எவனோ, கடையை எப்போ பூட்டுவே, சாவி எங்கே இருக்கும்னு எம்பொண்ணுகிட்டக் கேக்குறான். இதான் நீங்க சொல்லித்தர்ற இங்கிலீஷா?"

"அந்த பிளாக்கை இன்னைக்கே மூடுங்க. போலீஸ்லயும் எழுதிக் கொடுத்துடலாம்" என்றார் தலைமையாசிரியை.

"மேடம், இவ எழுதினதை ஒரு தடவை படிச்சீங்களா?"

"அதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்?"

படிக்க நேரமில்லை, மூட நேரமிருக்கிறது! டீச்சருக்கு வாய்வரை வந்தது. மென்று விழுங்கினாள். போலீஸ் என்று ஆனபின் பூசி மெழுக முடியாது.

"போலீஸ் வேண்டாம் மேடம். அந்தக் கப்பல்காரர் நான்தான்."

தலைமையாசிரியை முகத்தில் ஈயாடவில்லை. சாவிக்கடைக்காரருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட கடவுளே, நீங்களா! ரெண்டு நாளா நான் கண்ணே மூடலம்மா!"

மேடம் சிரிக்கவில்லை. பொய்ப் பெயரில் பிள்ளைகளை ஏமாற்றியதற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். மதியத்துக்குள் வலைப்பூ மூடப்பட்டது.

டீச்சர் வராந்தாவில் ஓடிப்போய் ம்ஹூமை நிறுத்தினாள்.

"பிளாக் போனா போகுது. நீ நோட்டுல எழுதிக் கொடும்மா, நான் படிக்கிறேன்."

"ம்ஹூம்."

"ஏன்?"

"ம்ஹூம்."

டீச்சருக்கு இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "சாப்பிடக்கூட நேரமில்லாம நான் பாடுபட்டது யாருக்குடி? எல்லார்கிட்டயும் திட்டு வாங்கினது யாருக்கு? அந்தக் கப்பல்காரருக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதினியே, எனக்கு எழுதினா என்ன?"

அவள் தலை நிமிர்ந்தாள்.

"அவர் என்னைக் கேட்டார் மிஸ். நீங்க ரெண்டு வருஷமா ஒருநாள்கூடக் கேட்டதில்ல. வரிசையா எல்லாரையும் கேட்டுட்டு வருவீங்க. என் பெஞ்சு வந்ததும் 'இவளை விடு, அடுத்து'ன்னு போயிடுவீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது டீச்சருக்கு. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒருநாளாவது கேட்டிருப்போமே என்று யோசித்துப் பார்த்தாள். அப்படி ஒருநாள் அகப்படவில்லை.

சரி, இப்போதாவது ஏதாவது கேட்கலாம் என்றால், கப்பல்காரருக்கு அத்தனை சுலபமாக வந்த கேள்வி ஒன்றுகூட வாயில் வரவில்லை. ம்ஹூம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வகுப்புக்குப் போய்விட்டாள்.