எண்பத்தேழாவது சிலைட்டில் மூன்று சிவப்புக் குச்சிகள்

எண்பத்தேழாவது சிலைட்டை வைப்பதற்கு முன் நான் லென்ஸைத் துடைத்தேனா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆய்வுகூட வேலைக்குப் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலர்க்காரர் கேட்டார்கள். நான் இத்துறையில் மூத்தவள் அல்ல. சொல்வதற்கு இருப்பது இந்த ஒரு சம்பவம்தான்.

ஆபிரிக்காவின் தென்பகுதியில், எச்.ஐ.வி உள்ளவர்களுக்குக் காசநோய் வந்தால் அதை எப்படி முந்திக் கண்டுபிடிக்கலாம் என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. அதில் நோர்வேயில், ஒஸ்லோவில் உள்ள எங்கள் ஆய்வுகூடத்தின் பங்கு சிறியது. அங்குள்ள கிளினிக்கில் நோயாளியின் சளியைக் கண்ணாடிச் சிலைட்டில் பூசி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்து முடிவு எழுதுவார்கள். பிறகு அதே சிலைட்டுகள் பெட்டியில் எங்களுக்கு வரும். அவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே நாங்கள் மறுபடி பார்க்க வேண்டும். பெயர் இராது, இலக்கம் மட்டும். நீலத்தின் நடுவே மெல்லிய சிவப்புக் குச்சி தெரிந்தால் அது கிருமி. நூறு இடங்களைப் பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுதலாம். எச்.ஐ.வி உள்ளவர்களின் சளியில் பல வேளைகளில் கிருமி மிகக் குறைவாகவே வரும். அதனால் நோயும் குறைவு என்று நினைத்துவிடக்கூடாது.

அன்றைக்கு எண்பத்தாறாவது சிலைட் முழுவதும் கிருமி. எண்ணி முடிக்கும்போது தொலைபேசி அடித்தது. ஹொல்ம்லியாவில் மகளைப் பகலில் பார்க்கும் பார்ணஹாகே என்ற பிள்ளைகள் காப்பகத்திலிருந்து: பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. சாயமிட்ட சிலைட்டிலிருந்து நோய் தொற்றாது என்று படித்துச் சித்தியடைந்தவள் நான். ஆனாலும் அவள் இருமினால் முதலில் என் கையைத்தான் பார்ப்பேன். கணவரைப் போகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எண்பத்தேழை வைத்தேன்.

அறுபது இடம் வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு சிவப்புக் குச்சி. நூறு முடியும்போது மூன்று.

மூன்று என்று எழுதப் போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. லென்ஸுக்கும் சிலைட்டுக்கும் நடுவில் ஒரு துளி எண்ணெய் விட்டுத்தான் பார்ப்போம். கிருமி நிறைந்த சிலைட்டைப் பார்த்துவிட்டு லென்ஸைத் துடைக்காவிட்டால், அந்த எண்ணெயோடு கிருமி அடுத்த சிலைட்டுக்கு வந்துவிடும். துடைக்கும் தாள் கைக்கு எட்டிய இடத்தில் கசங்கிக் கிடந்தது. இப்போது துடைத்ததா, அதற்கு முன் துடைத்ததா? எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டுப் புது எண்ணெயில் முந்நூறு இடம் பார்த்தேன். ஒன்றுமில்லை. அதுவும் சாட்சியாகாது, இருந்த கிருமியும் தாளோடு போயிருக்கலாம்.

பிழையாக 'உண்டு' என்று எழுதினால் யாரோ ஒருவர் எச்.ஐ.வி மருந்தோடு சேர்த்து மாதக்கணக்கில் வீணாகக் குளிசை விழுங்க நேரலாம். பிழையாக 'இல்லை' என்றால் அந்த ஆள் செத்துப்போகலாம். பதிவுத்தாளில் முடிவு எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

வீட்டில் மகள் அப்பாவின் தோளில் நித்திரை. "காதுக்குள்ளை குத்தாம், அதாலைதான் காய்ச்சல். மருந்து குடுத்திட்டன்" என்றார் கணவர். நான் லென்ஸ் கதையைச் சொன்னேன்.

"அடுப்பை நிப்பாட்டினனானோ எண்டு ஸ்டேசனிலை இருந்து திரும்பி ஓடி வாற ஆள் நீர். ஒருநாளாவது அடுப்பு எரிஞ்சதோ?"

"இல்லை."

"அப்ப துடைச்சிருப்பீர்."

"துடைச்சிருப்பன் எண்டு எழுத ஒரு கட்டம் இல்லையப்பா."

"அப்ப நாளைக்கு துரித்திட்டைக் கேளும். என்னைப் போட்டு வறுக்காதையும்."

துரித் எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளர். அவர் நொர்வேஜிய மொழியில் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன். காலையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"பூச்சியம் எண்டு போடப் பாத்தனியோ?"

"ஓம். துடைச்சனான் எண்டு சத்தியம் பண்ண ஏலாது."

"ஆர் இப்ப உன்னட்டைச் சத்தியம் கேட்டது? கண்டதை எழுது. தெரியாததையும் பக்கத்திலை எழுது."

பெட்டி முழுவதும் பார்த்து முடிந்த பிறகுதான் முடிவுகளை அனுப்புவது எங்கள் ஒழுங்கு. இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அதைச் சொன்னேன்.

"அந்தச் சளியைத் துப்பின ஆளுக்கு எங்கடை பெட்டி முடியிறது தெரியுமோ?" என்று கேட்டுக்கொண்டே துரித் கிளினிக்கின் இலக்கத்தை அழுத்தினார்.

அங்கே எடுத்தவர் நொம்சா என்ற தாதி. ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் கதைத்தோம். இலக்கத்தைச் சொன்னதும் பதிவைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நாங்கள் இல்லை எண்டுதான் போட்டிருக்கிறம். நீங்கள் எத்தினை கண்டனீங்கள்?"

"மூண்டு. ஆனால் எண்ணெயிலை வந்ததாயும் இருக்கலாம். லென்ஸ்... எனக்கு நிச்சயமில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நொம்சா சிரித்தார். "எண்ணெயோ? அது இஞ்சையும் நடக்கிறதுதான் பிள்ளை. நான் ஆளைத் தேடிப் புதுச் சளி எடுக்கிறன். நீர் அழாதையும்."

"நான் அழேல்லை. என்ரை குரல் அப்பிடித்தான்."

துரித் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

ஒன்பது நாள் கழித்து நொம்சாவிடமிருந்து தொலைநகல் வந்தது. அந்த ஆள் ஏழு மாதக் கைக்குழந்தையின் தாய். 'இல்லை' என்று சொன்ன பிறகு கிளினிக் பக்கம் வரவில்லை. பால் கொடுக்கிற களைப்பு, அதுதான் மெலிகிறேன் என்று நினைத்தாராம். நொம்சா இரண்டு தரம் வீடு தேடிப் போய், இரண்டாம் தரம்தான் கண்டிருக்கிறார். புதிதாக எடுத்த இரண்டு சிலைட்டிலும் கிருமி. தாய்க்குச் சிகிச்சை தொடங்கியாயிற்று. குழந்தைக்கு நோயில்லை, தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள்.

தொலைநகலை வாசித்துவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்றேன். அப்போது அழுதது உண்மை.

திட்டாமல் தொலைபேசியை எடுத்த துரித்துக்கும், வெயிலில் இரண்டு தரம் நடந்த நொம்சாவுக்கும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் புலம்பலைக் கேட்டவருக்கும் என் நன்றி. இப்போது எங்கள் பதிவுத்தாளில் ஒரு புதுக் கட்டம் இருக்கிறது: 'லென்ஸ் துடைத்தாயிற்று.' எல்லோரும் ஒவ்வொரு சிலைட்டுக்கும் சரி போடவேண்டும். நான் கேட்டுத்தான் துரித் சேர்த்தார். "உன்ரை கட்டத்தாலை கை உளையுது" என்று கூட வேலை செய்பவர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான்: நிச்சயமில்லை என்றால் வெட்கப்படாமல் நிச்சயமில்லை என்று எழுதுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். நான் ஓர் இரவு வீணாக்கினேன்.

போன மாதப் பெட்டியில் சிலைட்டுகளோடு ஒரு கடிதமும் வந்தது. அந்தத் தாய் சொல்லச் சொல்ல நொம்சா எழுதியது. நிறை கூடியிருக்கிறது, குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதிவிட்டு, "குளிர் நாட்டில் இருந்து என்னைச் சரியாகப் பார்த்தவரின் பெயர் என்ன? மகள் வளர்ந்ததும் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்.

இன்னும் பதில் எழுதவில்லை. நான் கண்ட மூன்று கிருமியும் அவருடையவையாக இருக்கலாம். எண்பத்தாறாவது சிலைட்டுக்குரிய, நான் அறியாத யாரோ ஒருவருடையவையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் நான் அவரைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அதை எழுதினால் ஒரு தாயின் சந்தோசத்தில் கை வைத்தது போலாகும். எழுதாவிட்டால் எனக்கு உரியதோ என்று தெரியாத நன்றியை வாங்கிக்கொண்டது போலாகும். துரித்திடம் கேட்டேன், "பெயரை எழுது, போதும்" என்கிறார். கணவர், "உள்ளதை எழுதும், இல்லாட்டி நீர் நித்திரை கொள்ளமாட்டீர்" என்கிறார். அடுத்த பெட்டி திரும்பிப் போக மூன்று கிழமை இருக்கிறது. நீங்களென்றால் அவருக்கு என்ன எழுதுவீர்கள்? தயவுசெய்து மலர்க்காரரின் விலாசத்துக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.